பெல்ட் வேறு, பாராட்டு வேறு

கேள்வி: 6 டோஜோக்கள் (பயிற்சிக்கூடங்கள்) சேர்ந்த எங்கள் கராத்தே சங்கத்துக்கு நான் செயலாளர். ஆண்டு விழாவில் 'சிறந்த மாணவர்', 'சிறந்த பயிற்சியாளர்' விருதுகள் கொடுக்கிறோம். ஒவ்வொரு முறையும் மனக்கசப்புதான் மிஞ்சுகிறது. போட்டியில் பதக்கம் வாங்கியவர்களுக்கே விருதும் போகிறது என்று பெற்றோர்கள் குறைப்படுகிறார்கள். 11 ஆண்டுகளாக வெள்ளை பெல்ட் (தொடக்க நிலை) வகுப்பை எடுத்துவந்த உதவிப் பயிற்சியாளர் ஒருவரை நாங்கள் ஒருமுறைகூட மேடைக்கு அழைத்ததில்லை. போன விழாவுக்குப் பிறகு அவர் வருவதை நிறுத்திவிட்டார். அர்ப்பணிப்போடு இருப்பவர்களை எப்படி அடையாளம் காண்பது, எப்படி கௌரவிப்பது? 'நீண்ட நாள் உழைத்தவர்களுக்கு ஒரு டான் (பிளாக் பெல்ட்டில் வரும் படிநிலை) கூட்டிக் கொடுத்துவிடலாமே' என்றும் சிலர் சொல்கிறார்கள்.

பதில்: உங்கள் கடைசி வரியிலிருந்து தொடங்குகிறேன். ஆபத்து அதிகம் இருப்பது அங்கேதான். டானைக் கூட்டிக் கொடுக்காதீர்கள். உழைப்புக்கு நன்றியாகவும் வேண்டாம், வயதுக்கு மரியாதையாகவும் வேண்டாம்.

நான் பயிற்சி செய்த ஒரு டோஜோவில் மூத்தவர் ஒருவருக்கு இப்படித்தான் 3-ஆம் டான் கொடுத்தோம். கொடுக்கலாம் என்று கை தூக்கியவர்களில் நானும் ஒருவன். அத்தனை ஆண்டுகள் கதவைத் திறந்து, விளக்கைப் போட்டு, எல்லோருக்கும் முன்னால் வந்து நின்றவர் அவர். சில மாதங்கள் கழித்து வெளியிலிருந்து வந்த மூத்த ஆசிரியர் ஒருவர் பயிற்சி முகாம் நடத்தினார். 3-ஆம் டான்காரர்களைத் தனி வரிசையில் நிறுத்தி ஒரு கட்டாவை (வரிசையாகச் செய்யும் அசைவுகளின் தொகுப்பு) செய்யச் சொன்னார். நம்மவருக்கு அந்தக் கட்டா பாதிக்கு மேல் தெரியாது. அன்றிலிருந்து வெளி ஆசிரியர் வரும் நாட்களில் அவர் டோஜோ பக்கமே வரவில்லை. நன்றி சொல்கிறோம் என்று நினைத்து ஒரு நல்ல மனிதரைக் கூச்சத்தில் தள்ளிவிட்டோம். இன்றும் அது என் மனதை அறுக்கிறது.

டான் முறை நாம் நினைப்பதுபோல் அவ்வளவு பழையதும் இல்லை. ஜூடோவை உருவாக்கிய ஜிகோரோ கானோ தம் மாணவர்கள் இருவருக்கு முதல் டான் கொடுத்தது 1883-ல். கராத்தே ஆசிரியர் கிச்சின் ஃபுனாகோஷி அதைக் கராத்தேக்குள் கொண்டுவந்து தம் மாணவர்களுக்கு வழங்கியது 1924-ல். முதல் டானைக் குறிக்கும் ஷோடான் என்ற சொல்லுக்கே 'தொடக்கப் படி' என்றுதான் பொருள். இவருக்கு எவ்வளவு தெரியும், அடுத்து எதைச் சொல்லிக்கொடுக்கலாம் என்று காட்டும் அளவுகோல் அது. அதில் நன்றிக்கடனையும் கலந்துவிட்டால், கிரேடிங்கில் (பெல்ட் தேர்வில்) வியர்வை சிந்தித் தேறியவரின் பெல்ட்டுக்கும் மதிப்புக் குறைகிறது.

திறமையையும் மற்றத் தகுதிகளையும் தனித்தனியாக மதிக்கும் வழக்கம் ஜப்பானிய தற்காப்புக் கலைகளிலேயே இருந்திருக்கிறது. 1895-ல் கியோட்டோவில் தொடங்கிய டாய் நிப்பான் புட்டோகு காய் அமைப்பு ரென்ஷி, கியோஷி, ஹான்ஷி என்ற பட்டங்களை டான் வரிசையிலிருந்து தனியாக வைத்திருந்தது. கற்பிக்கும் தகுதியும் குணமும் அவற்றில் கணக்கில் வந்தன. கோஜு ரியூ என்ற கராத்தே பாணியை உருவாக்கிய சோஜுன் மியாகிக்கு 1937-ல் கியோஷி பட்டம் கிடைத்தது. உங்கள் சங்கம் இந்தப் பட்டங்களைத் தானே வழங்கக் கிளம்ப வேண்டாம். அதற்கு மிகப் பெரிய அமைப்பின் பின்பலம் வேண்டும். திறனுக்கு ஓர் ஏணி, சேவைக்கு வேறொரு மரியாதை என்ற அந்தப் பிரிவினையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

பதக்கம் வென்றவர்கள் விஷயத்தைச் சுருக்கமாக முடித்துவிடலாம். அவர்களைப் போட்டியின் நடுவர்கள் ஏற்கெனவே மதிப்பிட்டுப் பதக்கமும் கொடுத்துவிட்டார்கள். விழாவில் பெயர்களை வாசியுங்கள், எல்லோரும் கை தட்டட்டும். அதே வெற்றிக்கு இரண்டாவது கோப்பை தேவையில்லை. நடுவர் கண்ணுக்குத் தெரியாததைப் பார்ப்பதுதான் சங்கத்தின் வேலை.

மாணவரின் அர்ப்பணிப்பை எங்கே பார்ப்பது? முதலில் வருகைப் பதிவேட்டைத் திறப்போம். ஆனால் 'நூறு சதவீத வருகை' என்று விருது வைக்காதீர்கள். காய்ச்சலோடும் சுளுக்கிய கணுக்காலோடும் பிள்ளைகள் வந்து நிற்பார்கள், பெற்றோரே அனுப்பியும் வைப்பார்கள். பதிவேட்டில் நான் தேடுவது இடைவெளிகளை. மூன்று வாரம் காணாமல் போய் நான்காவது வாரம் திரும்பி வந்தவர் யார்? கிரேடிங்கில் தோற்ற அடுத்த வகுப்புக்கே அதே பழைய பெல்ட்டைக் கட்டிக்கொண்டு வந்து நின்றவர் யார்? தன்னோடு சேர்ந்தவர்களெல்லாம் அடுத்த நிறத்துக்குப் போய்விட்ட வரிசையில், ஓரிடம் பின்னால் தள்ளி நிற்பதற்கு எவ்வளவு மனத்திடம் வேண்டும் என்பது நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். பதிவேட்டில் அது ஒரு சின்ன டிக் மட்டும்தான்.

பிறகு டோஜோவுக்குள் பார்க்க வேண்டும். எண்ணிக்கை ஒற்றைப்படையாக வரும்போது புதிதாகச் சேர்ந்தவருக்கு ஜோடியாகத் தானே போய் நிற்பவர் ஒருவர் இருப்பார். குமிட்டேயில் (இருவர் மோதும் பயிற்சியில்) தன்னைவிடச் சிறியவர் எதிரே வந்தால் தன் அடியின் வேகத்தைக் குறைத்து, அவர் அடியைச் சரியாக வாங்கிக்கொடுப்பவர் இருப்பார். வகுப்பு முடிந்ததும் யாரும் சொல்லாமலே தரையைத் துடைக்கத் துணியை எடுப்பவர் இருப்பார். இவர்கள் யாரென்று தலைமை ஆசிரியரைவிட மற்ற மாணவர்களுக்கு நன்றாகத் தெரியும். வருடத்துக்கு இரண்டு முறை, 'இந்த ஆறு மாதத்தில் உனக்கு உதவியவர் யார், என்ன செய்தார்?' என்று கேட்டு ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வாங்குங்கள். ஒரே பெயர் பல சீட்டுகளில் திரும்பத் திரும்ப வரும். அநேகமாக அது நீங்கள் எதிர்பார்த்த பெயராக இருக்காது.

பிளாக் பெல்ட்டுக்கு முந்தைய நிலையில் இருக்கும் பழுப்பு பெல்ட்காரர்கள் மீது தனிக் கண் வையுங்கள். ஆரம்ப நிறங்கள் சில மாதங்களுக்கு ஒன்றாக மாறிக்கொண்டே வந்திருக்கும். பழுப்புக்கு வந்ததும் அடுத்த தேர்வு தள்ளிப்போகும், செய்த கட்டாவையே மறுபடி மறுபடி செய்ய வேண்டியிருக்கும், புதிதாக ஒன்றும் கிடைக்காததுபோல் தோன்றும். சத்தமில்லாமல் பலர் நின்றுபோகும் இடம் இதுதான். இன்னொரு இடம், பிளாக் பெல்ட் வாங்கிய உடனே வரும் மாதங்கள். பாராட்டு தேவைப்படும் இடங்கள் இவை இரண்டும். பளபளப்பான கோப்பை வேண்டாம். 'உன் பின்கால் குதிகால் இப்போது தரையிலேயே நிற்கிறது, போன வருடம் இப்படி நின்றதில்லை' என்று ஆசிரியர் வரிசைக்கு முன்னால் சொன்னால் போதும், அது அடுத்த ஆறு மாதத்துக்குத் தாங்கும்.

சிறு குழந்தைகளின் கதை வேறு. 1973-ல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூன்று உளவியலாளர்கள் மழலையர் பள்ளிக் குழந்தைகளிடம் ஓர் ஆய்வு நடத்தினார்கள். படம் வரைவதில் ஏற்கெனவே ஆசையுள்ள குழந்தைகள் அவர்கள். 'வரைந்தால் பரிசு' என்று முன்பே சொல்லிப் பரிசு கொடுத்த குழந்தைகள், பிறகு தாமாக வரைவதில் குறைவான நேரமே செலவிட்டார்கள். சொல்லாமல் திடீரென்று பரிசு பெற்றவர்களுக்கு அப்படி ஆர்வம் குறையவில்லை. 1998-ல் முல்லரும் டுவெக்கும் வெளியிட்ட ஆய்வில், 'நீ புத்திசாலி' என்று பாராட்டப்பட்ட குழந்தைகள் ஒரு தோல்விக்குப் பிறகு எளிதில் சோர்ந்தார்கள். 'நன்றாக முயன்றாய்' என்று பாராட்டப்பட்டவர்கள் தொடர்ந்து முயன்றார்கள். ஆகவே 10 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு 'சிறந்த மாணவர்' என்ற ஒற்றை விருதையே எடுத்துவிடுங்கள் என்பது என் அழுத்தமான கருத்து. முன்கூட்டி அறிவிக்காமல், ஒரு சாதாரண வகுப்பின் முடிவில், அந்தக் குழந்தை செய்த ஒரு செயலைச் சொல்லிப் பாராட்டுங்கள். 'பிறவித் திறமை' என்ற சொல் உங்கள் ஆசிரியர்கள் வாயிலிருந்து வரவே வேண்டாம்.

பெரியவர்களுக்கும் பயிற்சியாளர்களுக்கும் இதைத் தலைகீழாகச் செய்ய வேண்டும். அங்கே ரகசியம் வைத்தால் சந்தேகம்தான் வளரும். எதைப் பார்த்துத் தேர்வு செய்கிறோம் என்பதை ஆண்டின் தொடக்கத்திலேயே எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிடுங்கள்.

பயிற்சியாளரை அளக்கும்போது பலரும் பிடித்துக்கொள்வது இரண்டு எண்களை: எத்தனை மாணவர்கள், எத்தனை பதக்கங்கள். இரண்டுமே ஏமாற்றும். கூட்டம் சேர்வதற்கு டோஜோ இருக்கும் இடமே காரணமாக இருக்கலாம். பதக்கம் இரண்டு திறமையான பிள்ளைகளால் வந்திருக்கலாம். நான் கேட்கும் கேள்விகள் வேறு. இவரிடம் வெள்ளை பெல்ட்டாகச் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் பழுப்பு வரை நிலைத்தார்கள்? இவர் வகுப்பில் காயங்கள் எப்படி? முதலுதவிப் பயிற்சியைப் புதுப்பித்து வைத்திருக்கிறாரா? இவரிடம் கற்றவர்களில் யாராவது இன்று கற்பிக்கிறார்களா? இவர் இன்னும் தாமே ஒருவரிடம் போய்க் கற்றுக்கொள்கிறாரா? கடைசிக் கேள்விக்கு 'இல்லை' என்று பதில் வந்தால், மற்றதெல்லாம் நன்றாக இருந்தாலும் நான் சற்று யோசிப்பேன்.

ஒன்றைக் கண்டிப்பாகச் செய்யுங்கள். பெயரை அறிவிப்பதற்கு முன், அந்தப் பயிற்சியாளர் குழந்தைகளிடமும் பெண்களிடமும் நடந்துகொள்ளும் விதம் பற்றி ஏதாவது புகார் இருக்கிறதா என்று விசாரியுங்கள். இருந்தால், விசாரணை முடியும்வரை விருது கிடையாது. சங்கம் கொடுத்த கேடயம் சுவரில் மாட்டியிருப்பதைப் பார்த்துத்தான் பெற்றோர் பிள்ளையை விட்டுவிட்டுப் போகிறார்கள்.

சரி, பயிற்சியாளருக்கு என்ன கொடுப்பது? 5, 10, 20 ஆண்டு சேவைக்கு ஒரு பின்னோ சான்றிதழோ அந்த ஆண்டுகளை முடித்த எல்லோருக்கும் கிடைக்கட்டும். இதற்குத் தேர்வுக் குழுவே வேண்டாம், தேதிகள் இருந்தால் போதும். இதை முன்பே செய்திருந்தால் உங்கள் உதவிப் பயிற்சியாளர் இரண்டு முறை மேடையேறியிருப்பார். அதற்கு மேல் சிறப்பாக யாரையாவது கௌரவிக்க நினைத்தால் கேடயத்தை விட்டுவிடுங்கள். வாரம் முழுவதும் மற்றவர்களுக்கு எண்ணிக்கை சொல்லிக்கொண்டிருப்பவருக்குத் தன் கட்டாவைத் தான் செய்து பார்க்க நேரமே கிடைக்காது. அவருடைய ஒரு வகுப்பை வேறொருவர் எடுக்கட்டும். அவர் வரிசையில் மாணவராக நிற்கட்டும். பயிற்சி முகாமுக்கு அவர் போகும் செலவைச் சங்கம் ஏற்கட்டும். தகுதி இருந்தால் கிரேடிங் குழுவில் ஓர் இடம் கொடுங்கள். அவரை நீங்கள் நம்புகிறீர்கள் என்று சொல்ல இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

தேர்வுக் குழுவுக்கு மூன்று பேர் போதும், அதில் ஒருவர் கற்பிக்காதவராக இருக்கட்டும். தன் பிள்ளை, தன் நேரடி மாணவர் பெயர் பேசப்படும்போது அந்த உறுப்பினர் வெளியே எழுந்து போய்விட வேண்டும். பரிந்துரைகளில் 'கடின உழைப்பாளி', 'ஒழுக்கமானவர்' போன்ற சொற்களை ஏற்காதீர்கள். கண்ணால் பார்த்த இரண்டு சம்பவங்களை எழுதச் சொல்லுங்கள். எழுத முடியவில்லை என்றால் அந்தப் பரிந்துரை நட்பில் வந்தது என்று எடுத்துக்கொள்ளலாம். 6 டோஜோக்களுக்கும் முறை வைத்துப் பங்கிடும் ஆசை எழும். அதற்கு இடம் கொடுத்தால் விருது ரேஷன் ஆகிவிடும். தகுதியானவர் இல்லாத ஆண்டில் கொடுக்காமல் இருக்கவும் துணிய வேண்டும்.

விழா அன்று, அந்தச் செயலை நேரில் பார்த்தவரே ஒலிபெருக்கி முன் வந்து இரண்டு வாக்கியத்தில் சொல்லட்டும். தலைமை விருந்தினர் பெயர்ப் பட்டியலைத் தட்டுத் தடுமாறி வாசிப்பதைவிட அது மேல். பயிற்சியாளருக்கான மரியாதையை அவருடைய வெள்ளை பெல்ட் மாணவர் ஒருவர் கையால் கொடுக்கச் செய்யுங்கள். ஜப்பானிய டோஜோக்களில் நஃபுடாகாக்கே என்று ஒரு பலகை உண்டு; உறுப்பினர் பெயர்களை மரத் துண்டுகளில் எழுதி வரிசையாகத் தொங்கவிடுவார்கள். நீண்ட நாள் சேவை செய்தவர்களுக்கு அதில் தனி வரிசை ஒதுக்கலாம். விழா முடிந்த பிறகும் தினமும் கண்ணில் படும்.

இனி, போய்விட்ட அந்த உதவிப் பயிற்சியாளர். விழா வரை காத்திருக்காதீர்கள், இந்த வாரமே அவர் வீட்டுக்குப் போங்கள். கையில் கேடயம் வேண்டாம், திரும்பி வரச் சொல்லியும் கேட்க வேண்டாம். பழைய பதிவேடுகளைப் புரட்டி, அந்த 11 ஆண்டுகளில் அவரிடம் முதல் வகுப்பு கற்று இன்று பழுப்பும் கறுப்பும் கட்டியிருப்பவர்களின் பெயர்களை உங்கள் கையால் எழுதி எடுத்துப் போங்கள். அவர்களில் இரண்டு மூன்று பேர் உங்களோடு வந்தால் இன்னும் நல்லது. 'இவ்வளவு நாள் கவனிக்காமல் இருந்தது எங்கள் தவறு' என்று சொல்லி, பட்டியலை அவரிடம் கொடுத்துவிட்டு, அவர் பேசுவதைக் கேளுங்கள்.

(பதில் சொல்பவர்: கராத்தே பயிற்சியாளர், கிரேடிங் தேர்வாளர்)