அமெரிக்காவில் பி.எச்டி.க்கு விண்ணப்பிக்கிறேன். பரிந்துரைக் கடிதத்தை நானே எழுதி ஹெச்.ஓ.டி.யிடம் (துறைத் தலைவரிடம்) கையெழுத்து வாங்கலாமா?

எழுதாதீர்கள்.

உங்கள் ஹெச்.ஓ.டி. நல்ல மனதோடுதான் "நீயே அடிச்சுக் கொண்டு வா, கையெழுத்துப் போட்டுத் தர்றேன்" என்று சொல்லியிருப்பார். நம் ஊர்க் கல்லூரிகளில் நன்னடத்தைச் சான்றிதழிலிருந்து வங்கிக்குக் கொடுக்கும் கடிதம் வரை எல்லாமே அப்படித்தான் நடக்கிறது. ஆனாலும் இந்தக் கடிதத்தை மட்டும் நீங்கள் எழுதாதீர்கள். வெளிநாட்டுப் படிப்புக்கு ஆள் சேர்க்கும் கன்சல்டன்சிக்காரர்கள், தேவையான மூன்று கடிதங்களையும் தாங்களே தயார் செய்து தருவதாகச் சொல்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அதையும் விட்டுவிடுங்கள்.

அரசுக் கலைக் கல்லூரி, எம்.எஸ்சி. வேதியியல் இறுதியாண்டு என்று சொல்லியிருக்கிறீர்கள். அதற்கு மேல் நானாகச் சில விஷயங்களை எடுத்துக்கொள்கிறேன்: வீட்டில் இதைப் பற்றிக் கேட்க ஆள் இல்லை, சீனியர்களில் யாரும் இப்படிப் போனதில்லை, கையில் இருக்கும் காசு விண்ணப்பக் கட்டணத்துக்கே இழுபறி. தவறாக இருந்தால் மன்னியுங்கள். என் நிலைமை அதுவாகத்தான் இருந்தது. தர்மபுரி மாவட்டத்தில் ஒரு கிராமம், பக்கத்து ஊர்க் கல்லூரியில் பி.எஸ்சி.யும் எம்.எஸ்சி.யும். இப்போது அமெரிக்காவில் ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தில் வேதியியலில் பி.எச்டி. செய்துகொண்டிருக்கிறேன்.

முதலில் அந்தக் கடிதம் எப்படிப் போகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். விண்ணப்பத் தளத்தில் மூன்று ஆசிரியர்களின் பெயரும் மின்னஞ்சலும் கேட்பார்கள். நீங்கள் கொடுத்ததும் அவர்களுக்கு நேரடியாக ஒரு இணைப்பு போகும். அதைத் திறந்து அவர்கள்தான் கடிதத்தைப் பதிவேற்ற வேண்டும். பல தளங்களில் கூடவே ஒரு படிவமும் இருக்கும்: இந்த மாணவர் நீங்கள் பாடம் எடுத்தவர்களில் முதல் 5 சதவீதத்தில் வருவாரா, 10 சதவீதத்திலா, ஆராய்ச்சித் திறன் எப்படி, எழுத்துத் திறன் எப்படி என்று. உங்களிடமும் ஒரு கேள்வி வரும்: கடிதத்தைப் பார்க்கும் உரிமையை விட்டுக்கொடுக்கிறீர்களா? அமெரிக்காவில் 1974-இல் வந்த ஒரு சட்டத்தின்படி, அங்கே சேர்ந்து படிக்கும் மாணவருக்குத் தன் கோப்பைப் பார்க்கும் உரிமை உண்டு. அந்த உரிமையை விட்டுக்கொடுத்தால்தான் ஆசிரியர் மனம்விட்டு எழுதியிருப்பார் என்று கடிதத்தைப் படிக்கும் சேர்க்கைக் குழு நம்பும். 'விட்டுக்கொடுக்கிறேன்' என்று அழுத்திவிட்டு, அந்தக் கடிதத்தை நீங்களே எழுதியிருந்தால் அது பொய். சேர்க்கை கிடைத்த பிறகு வெளியே தெரிந்தாலும் இடம் போகும்.

சரி, பொய் புரட்டை விடுங்கள். இன்னொரு காரணம் இருக்கிறது, எனக்கு அதுதான் பெரியது. நம்மைப் பற்றி நாமே எழுதினால் "கடின உழைப்பாளி, ஒழுக்கமானவர், ஆர்வமுள்ளவர்" என்பதைத் தாண்டி எழுத வராது. நம்மிடம் இருக்கும் நல்ல விஷயம் பெரும்பாலும் நம் கண்ணுக்குத் தெரியாது. பக்கத்தில் நின்று பார்த்தவருக்குத்தான் தெரியும். எனக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

எங்கள் மாவட்டத்து நிலத்தடி நீரில் ஃப்ளூரைடு அதிகம் என்பது ஊரறிந்த கதை. குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் போதும், வேறு வழியே இல்லாவிட்டால் 1.5 வரை இருக்கலாம் என்பது இந்தியத் தர அளவு. அதைத் தாண்டிய போர்வெல் தண்ணீரைக் குடித்து வளர்ந்த பிள்ளைகளின் பல்லில் பழுப்புக் கறை இருக்கும், என் தம்பிக்கும் உண்டு. ஜப்பான் கடனுதவியில் 2013-இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்த பிறகும், குழாயில் தண்ணீர் வராத நாளில் எங்கள் தெருவில் போர் தண்ணீர்தான். எம்.எஸ்சி. புராஜெக்டுக்கு அதையே எடுத்துக்கொண்டேன். ஃப்ளூரைடு அளக்கும் மின்முனை எங்கள் துறையில் இல்லை. ஸ்பாட்ன்ஸ் என்று ஒரு சாய முறை இருக்கிறது, வேதியியல்காரருக்குத் தெரிந்திருக்கும்: சிர்கோனியத்தோடு சேர்ந்த சிவப்புச் சாயம், தண்ணீரில் ஃப்ளூரைடு கூடக் கூட வெளிறும். வெளிறிய அளவை ஒரு பழைய கலரிமீட்டரில் படித்துக் கணக்கிட்டேன்.

அந்தப் புராஜெக்டுக்கு எனக்கு வழிகாட்டியவர் ஒரு கௌரவ விரிவுரையாளர், அதாவது நிரந்தர வேலையில்லாத கெஸ்ட் லெக்சரர். அவரிடம் கடிதம் கேட்டபோது அவரும் முதலில் "நீ எழுதிக் கொண்டு வாம்மா" என்றுதான் சொன்னார். நான் கடிதம் எழுதவில்லை. ஒரு தாளில் குறிப்புகளை மட்டும் எழுதிக் கொண்டுபோனேன்: அவரிடம் படித்த தாள்கள், மதிப்பெண்கள், புராஜெக்டில் என்னென்ன செய்தேன், எங்கே சிக்கியது, எந்தப் பல்கலைக்கழகத்தில் என்ன ஆராய்ச்சிக்குக் கேட்கிறேன், கடைசித் தேதிகள். "சார், இதுல உங்களுக்கு எது ஞாபகம் இருக்கோ அதை மட்டும் எழுதுங்க. இங்கிலீஷ் எப்படி இருந்தாலும் பரவாயில்லை" என்றேன். கொஞ்ச நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்று ராத்திரி போன் பண்ணினார். "ஏம்மா, நீ சாம்பிள் எடுக்க மினரல் வாட்டர் பாட்டிலைக் கழுவிக் கழுவி எடுத்துட்டுப் போனியே, லேப்ல இருந்த கண்ணாடி பாட்டிலை ஏன் வேணாம்னு சொன்னே? அதை எழுதலாமா?"

ஃப்ளூரைடு மாதிரியைக் கண்ணாடியில் வைக்கக்கூடாது, கண்ணாடியோடு வினைபுரியும் என்பதால் பிளாஸ்டிக் பாட்டில்தான் வழக்கம். அதைப் படித்துவிட்டுச் செய்தேன், அவ்வளவுதான். என் எஸ்.ஓ.பி.யில் (விண்ணப்பத்தோடு நாமே எழுதித் தரும் நோக்க அறிக்கையில்) அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை, எழுத வேண்டிய விஷயமாகவே தோன்றவில்லை. அவர் எழுதினார். பிப்ரவரியில் ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து ஜூமில் பேசினார்கள். இரண்டாவது கேள்வியே: "கண்ணாடி வேண்டாம் என்று உங்களுக்கு யார் சொன்னது? கழுவியும் மாசு இருந்திருந்தால் எப்படிக் கண்டுபிடித்திருப்பீர்கள்?" வெற்று மாதிரி (ஃப்ளூரைடு இல்லாத சுத்த நீர்) வைத்துப் பார்த்ததைச் சொன்னேன். அதிலிருந்து பேச்சு நீண்டது. நான் இன்று இருப்பது அந்தத் துறையில்தான். அந்தக் கடிதம் ஒன்றினால்தான் இடம் கிடைத்தது என்று நான் சொல்லவில்லை, அப்படிச் சொல்லவும் முடியாது. ஆனால் அவர்கள் அதைப் படித்தார்கள், அதிலிருந்து என்னைப் பார்த்தார்கள்.

இந்த இடத்தில் கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். நான் போய்ப் பார்த்த ஒரு கன்சல்டன்சியில் "கெஸ்ட் லெக்சரர் லெட்டருக்கு மதிப்பே இல்ல மேடம், பிரின்சிபால் கிட்ட வாங்கிட்டு வாங்க" என்றார்கள். எனக்கு இன்றைக்கும் ஆறாத கோபம் அது. பிரின்சிபாலுக்கு என் முகமே தெரியாது. என்னோடு ஆய்வகத்தில் சாயங்காலம் வரை நின்றவர் அந்த கௌரவ விரிவுரையாளர். பி.எச்டி. முடித்தவர், நெட் என்ற விரிவுரையாளர் தகுதித் தேர்வில் தேறியவர். நம் அரசுக் கல்லூரிகளில் பாதி வகுப்புகளை ஓட்டிச் செல்பவர்கள் இவரைப் போன்றவர்கள்தான். தகுதியுள்ள கௌரவ விரிவுரையாளருக்கு மாதம் 50,000 ரூபாய் வரை கொடுக்கலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி. 2019-இலேயே சொல்லிவிட்டது. அதைக் கேட்டு இவர்கள் வருடா வருடம் தெருவில் உட்கார்ந்து போராடுகிறார்கள். கோடை விடுமுறையில் சம்பளமே கிடையாது என்பதால் எங்கள் சார் மே மாதம் ஒரு டியூஷன் சென்டரில் பிளஸ் டூ பிள்ளைகளுக்குப் பாடம் எடுப்பார். பெயரில் மட்டும் கௌரவத்தை வைத்துக்கொண்டு இவர்களை இப்படி நடத்துவது அநியாயம். உங்களுக்குப் பாடம் எடுத்தவர் கௌரவ விரிவுரையாளர் என்றால் தயங்காமல் அவரிடம் கேளுங்கள். அமெரிக்காவில் விண்ணப்பங்களைப் படித்துப் பார்க்கும் சேர்க்கைக் குழுவுக்கு உங்களை நன்றாகத் தெரிந்தவரின் கடிதம்தான் வேண்டும். கல்லூரி மின்னஞ்சல் இருந்தால் அதைக் கொடுக்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் துறை முகவரித்தாளில் எழுதி பி.டி.எஃப். ஆக்கிப் பதிவேற்றச் சொல்லுங்கள்.

ஹெச்.ஓ.டி. விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் ஹெச்.ஓ.டி.க்கும் அதே மாதிரி குறிப்புத்தாள் கொடுத்தேன். அவருக்கு நாக் (கல்லூரித் தர மதிப்பீடு) வேலை, தேர்வு வேலை என்று தலைக்கு மேல் இருந்தது. அரைப்பக்கம்தான் எழுதினார். அதில் அவருக்குத் தெரிந்த ஒரே விஷயம், கரிம வேதியியல் தாளில் நான் ஒரு வினையின் வழிமுறையைப் பாடப்புத்தகத்தில் இல்லாத விதமாக எழுதியிருந்ததும், அதைப் பற்றி அவர் என்னைக் கூப்பிட்டுக் கேட்டதும்தான். அரைப்பக்கம் போதும். உங்கள் ஹெச்.ஓ.டி. அதற்கும் முடியாது என்றால் சண்டை வேண்டாம், வணக்கம் சொல்லிவிட்டு வேறு ஆசிரியரிடம் போங்கள்.

"வாத்தியார்களைக் குறை சொல்லிக்கொண்டு அமெரிக்காவில் உட்கார்ந்திருக்கிறாள்" என்று யாராவது வருவீர்கள், தெரியும். நான் ஆசிரியர்களைக் குறை சொல்லவில்லை. இப்படி ஒரு கடிதம் எழுத யாரும் அவர்களுக்குச் சொல்லித் தந்ததில்லை, நேரமும் கொடுத்ததில்லை. "இங்கேயே படிக்கக் கூடாதா" என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: தாராளமாகப் படிக்கலாம். கேட் தேர்வு எழுதி ஐ.ஐ.டி. போகலாம், சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகைக்குத் தேறினால் மாதம் 37,000 ரூபாய். நானே இரண்டுக்கும் தயாராகிக்கொண்டுதான் இருந்தேன். கேள்வி கேட்டவர் அமெரிக்காவைப் பற்றிக் கேட்டார், அதனால் அதைச் சொல்கிறேன்.

கன்சல்டன்சி பற்றி ஒரே ஒரு விஷயம். அவர்களில் பலருக்கு வருமானம் எம்.எஸ். (முதுநிலைப் படிப்பு) சேர்க்கையில்தான், பல்கலைக்கழகமே தலைக்கு இவ்வளவு என்று கமிஷன் தரும். உதவித்தொகையோடு வரும் பி.எச்டி.யில் அவர்களுக்கு ஒன்றும் கிடைக்காது. என்னிடமும் "பி.எச்டி. எல்லாம் கஷ்டம், எம்.எஸ். போடலாம், லோன் நாங்களே பார்த்துத் தர்றோம்" என்று பேசினார்கள். அப்பாவிடம் இருந்த நிலத்துப் பத்திரம் வரை கேட்டார்கள். வேதியியல் போன்ற அறிவியல் துறைகளில் பி.எச்டி. மாணவருக்குப் பெரும்பாலும் கல்விக் கட்டணம் தள்ளுபடி, அதோடு மாதச் சம்பளம். பதிலுக்கு இளநிலை மாணவர்களுக்கு ஆய்வக வகுப்பு எடுக்க வேண்டும், அல்லது பேராசிரியரின் திட்டத்தில் வேலை செய்ய வேண்டும். கடன் தேவையில்லை. வகுப்பு எடுக்க வேண்டியிருப்பதால்தான் டோஃபல் ஆங்கிலத் தேர்வில் பேச்சுப் பகுதியைக் கவனமாகப் பார்க்கிறார்கள், அதற்கு நன்றாகப் பழகிக்கொள்ளுங்கள்.

மற்றவை சட்டென்று. கடைசித் தேதிகள் பெரும்பாலும் டிசம்பர் 1-இலிருந்து ஜனவரி நடுப்பகுதி வரை, ஆகவே செப்டம்பரிலேயே ஆசிரியர்களிடம் பேசிவிடுங்கள். ஜி.ஆர்.இ. என்ற நுழைவுத் தேர்வைப் பல வேதியியல் துறைகள் இப்போது கேட்பதில்லை, துறைப் பக்கத்தைப் பார்க்காமல் பணம் கட்டாதீர்கள். மதிப்பெண் பட்டியலை முதலில் ஸ்கேன் செய்து ஏற்றினால் பெரும்பாலான இடங்களில் போதும், முத்திரை வைத்த உறை சேர்க்கை கிடைத்த பிறகுதான். விண்ணப்பக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்யச் சொல்லித் துறைக்கு மரியாதையாக ஒரு மின்னஞ்சல் போடுங்கள். சில துறைகள் கேட்டாலே தந்துவிடும், சில அமெரிக்கக் குடிமக்களுக்கு மட்டும்தான் தரும். பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்து எழுதியிருப்பது எப்படியோ, அப்படியே எல்லா இடத்திலும் பெயரைக் கொடுங்கள்.

ஒன்றை மறைக்கக் கூடாது. 2025-இல் அமெரிக்காவில் ஆராய்ச்சி நிதி வெட்டு வந்ததில் பல துறைகள் பி.எச்டி. இடங்களைக் குறைத்துவிட்டன, சில இடங்களில் கொடுத்த சேர்க்கையையே திரும்ப வாங்கினார்கள். நீங்கள் விண்ணப்பிக்கும் ஆண்டில் ஆள் எடுக்கிறார்களா என்று உங்களுக்குப் பிடித்த பேராசிரியருக்கு எழுதிக் கேளுங்கள். உள்ளூர் வாய்ப்புகளையும் கைவிடாதீர்கள்.

இடம் கிடைத்தால், உதவித்தொகையோடு வரும் சேர்க்கைக்குப் பதில் சொல்ல ஏப்ரல் 15 வரை நேரம் தருவதாக ஏராளமான அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் கூட்டாக ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டிருக்கின்றன. அந்தப் பட்டியல் பொதுவில் இருக்கிறது. அதற்கு முன்பே "நாளைக்குள் சொல்லுங்கள்" என்று யாராவது நெருக்கினால், அந்தப் பல்கலைக்கழகம் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஏப்ரல் 15 வரை நேரம் கேளுங்கள்.