கஞ்சாச் சட்டம்: எதிர்ப்பவர் யார், எதிர்ப்பது எதை? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் "வெளிநாட்டில்தான் அனுமதித்துவிட்டார்களே" என்று தொடங்குகின்றன. எந்த நாடு, எந்த மாநிலம், எந்த ஆண்டு? இந்த மூன்றும் இல்லாத கேள்விக்குப் பதில் இல்லை. கஞ்சாச் சட்டம் மாநில எல்லையைத் தாண்டினால் மாறும். அடுத்த தேர்தல் வந்தாலும் மாறும்.

கனடா முழுவதும் 2018-இலேயே அனுமதித்தாயிற்று. எங்கள் மார்க்கம் நகராட்சி மட்டும் கடை வேண்டாம் என்று எப்படிச் சொன்னது?

கஞ்சாக் கடை வேண்டாம் என்றால் சொல்லிவிடுங்கள் என்று நகராட்சிகளுக்கு ஒன்ராறியோ மாகாணம் 2019 ஜனவரி 22 வரை கெடு கொடுத்தது. மார்க்கம், மிசிசாகா உட்பட எழுபதுக்கும் மேற்பட்ட நகராட்சிகள் மறுத்தன. மறுத்தது கடையை மட்டும்தான். 19 வயது நிரம்பியவர் 30 கிராம் வைத்திருப்பதையோ மாகாண இணையக் கடையில் வாங்குவதையோ நகராட்சி தடுக்க முடியாது. ஒரு முக்கியமான விதி இருக்கிறது: மறுத்த ஊர் பிறகு மனம் மாறலாம், ஒப்புக்கொண்ட ஊர் பின்வாங்க முடியாது. கடை எங்கே வரலாம் என்பதும் ஊரின் கையில் இல்லை. பள்ளியிலிருந்து 150 மீட்டர் என்ற தூரத்தை மாகாணமே வகுத்தது. அதனால் "பொறுத்திருந்து பார்ப்போம்" என்று கைதூக்கிய உறுப்பினர்களையும் கஞ்சா எதிர்ப்பாளர் கணக்கில் சேர்த்துவிடாதீர்கள். மிசிசாகா 2023-இல் மாறியது.

சாராயக் கம்பெனியும் மருந்துக் கம்பெனியும் கொடுக்கிற காசில்தான் எதிர்ப்பே நடக்கிறதாமே? – கோவை

மாதம் பத்துக் கடிதமாவது இதே கேள்வியோடு வருகிறது. கேட்பவர்களில் ஒருவர்கூட நன்கொடைப் பட்டியலைத் திறந்து பார்த்ததாகத் தெரியவில்லை.

இதில் உண்மை ஒரு பங்கு உண்டு. 2010-இல் கலிபோர்னியாவில் கஞ்சாவை அனுமதிக்கக் கோரி மக்கள் வாக்கெடுப்புக்கு வந்த 19-ஆம் முன்மொழிவை எதிர்த்த அணிக்கு அங்குள்ள பீர் விநியோகஸ்தர் சங்கம் 10,000 டாலர் கொடுத்தது. 2016-இல் அரிசோனாவில் ஃபென்டனில் வலிநிவாரணி ஸ்பிரே விற்றுக்கொண்டிருந்த இன்சிஸ் நிறுவனம் எதிர்ப்பு அணிக்கு 5 லட்சம் டாலர் கொடுத்தது. கஞ்சாவின் போதைப் பொருளான டி.எச்.சி.யை ஆய்வுக்கூடத்தில் தயாரித்துத் திரவ மருந்தாக விற்க அதே ஆண்டுதான் அந்த நிறுவனத்துக்கு அனுமதி கிடைத்தது. இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. 2014-இல் புளோரிடாவில் மருத்துவக் கஞ்சாவுக்கு எதிராகச் சுமார் 55 லட்சம் டாலர் கொடுத்த ஷெல்டன் அடெல்சன் சூதாட்ட விடுதி அதிபர். அமெரிக்காவில் கொரோனா பீர் விற்கும் கான்ஸ்டலேஷன் நிறுவனமோ 2018-இல் கனடாவின் கேனபி குரோத் என்ற கஞ்சா நிறுவனத்தில் ஏறக்குறைய 400 கோடி டாலர் முதலீடு செய்தது. சாராயக் கம்பெனி எந்தப் பக்கம் என்று இனி எப்படிச் சொல்வீர்கள்?

அதைவிட முக்கியம், 2010-இல் கலிபோர்னியாவில் கஞ்சா விளைச்சலையே நம்பி வாழ்ந்த ஹம்போல்ட், மென்டசினோ, டிரினிடி ஆகிய மூன்று மாவட்டங்களும் 19-ஆம் முன்மொழிவுக்கு எதிராக வாக்களித்தன. சட்டம் வந்தால் விலை சரியும், பெரிய பண்ணைகள் நுழையும் என்று அங்குள்ள சிறு விவசாயிகள் பயந்தார்கள். 2016-இல் வேறொரு சட்டம் வந்த பிறகு மொத்த விலை சரிந்து, சிறு பண்ணைகள் பல மூடப்பட்டன. பயம் வீண் இல்லை. 2015-இல் ஓஹியோவில் வந்த வரைவு, வணிகச் சாகுபடியைப் பத்தே இடங்களுக்கு ஒதுக்கி, அந்த இடங்களைப் பிரச்சாரத்துக்குப் பணம் போட்டவர்களிடமே கொடுத்தது. கஞ்சாவை ஆதரித்தவர்களில் பலரே அதை எதிர்த்தார்கள். ஏறக்குறைய 64 விழுக்காடு எதிர்ப்பு. 2023-இல் வேறு வரைவு வந்தபோது அதே ஓஹியோ 57 விழுக்காட்டில் ஒப்புக்கொண்டது. எதிர்க்கப்பட்டது செடி இல்லை, வரைவு.

சோதிக்கும் முறை எளிது. மாநிலத் தேர்தல் அலுவலகத்தின் தளத்தில் அந்த முன்மொழிவின் எண்ணைக் கொடுங்கள். எதிர்ப்பு அணியின் நன்கொடைப் பட்டியலைத் தொகை வாரியாக அடுக்கி, முதல் பத்துப் பேரின் தொழிலைப் பாருங்கள். அணியின் பெயரை நம்பாதீர்கள். குழந்தைகள், குடும்பம், பாதுகாப்பு என்று எது வேண்டுமானாலும் வைத்துக்கொள்வார்கள். பிறகு ஆதரவு அணியின் பட்டியலையும் அதே மாதிரி அடுக்குங்கள். பெரும்பாலோர் விட்டுவிடுவது இந்த இரண்டாவது பட்டியலைத்தான். 2024-இல் புளோரிடாவில் டிரூலீவ் என்ற கஞ்சா நிறுவனம் ஒன்றே கஞ்சாவை அனுமதிக்கும் முன்மொழிவுக்கு 10 கோடி டாலருக்கு மேல் கொடுத்தது. அங்கே 56 விழுக்காடு ஆதரவு கிடைத்தும், 60 தேவை என்பதால் தோற்றது. இதை "மக்கள் எதிர்த்துவிட்டார்கள்" என்று எழுதுவதும் தவறு.

இதையெல்லாம் பார்க்காமல், மகனுக்காகக் கவலைப்படும் தாயையும் அவசர சிகிச்சை மருத்துவரையும் கைக்கூலி என்று எழுதாதீர்கள்.

மருத்துவர்கள் எதை எதிர்க்கிறார்கள்?

பெரும்பாலும் வயதையும் வீரியத்தையும். கனடிய மருத்துவர் சங்கம் குறைந்தபட்ச வயது 21, அதற்கு மேல் 25 வரை அளவிலும் வீரியத்திலும் கட்டுப்பாடு என்று கேட்டது. அரசு 18 என்றது. பெரும்பாலான மாகாணங்கள் 19 ஆக்கின. அமெரிக்காவில் பிடிபட்ட கஞ்சாவில் டி.எச்.சி. 1990-களின் நடுவில் 4 விழுக்காடு. இப்போது 15-ஐ ஒட்டி. 10 விழுக்காட்டுக்கு மேற்பட்டதைத் தினமும் புகைப்பவர்களுக்கு மனச்சிதைவு வகை நோய்களின் வாய்ப்புப் பல மடங்கு அதிகம். குடும்பத்தில் அந்த நோய் இருந்தால் தொடவே கூடாது. தின்பண்டமாகச் சாப்பிட்டால் போதை தலைக்கேற அரை மணி முதல் 2 மணி நேரம் ஆகும். "ஒன்றும் செய்யவில்லையே" என்று இரண்டாவதை வாயில் போடுபவர்கள்தான் மருத்துவமனைக்கு வருகிறார்கள்.

2020-இல் ஐ.நா.வில் இந்தியாவே ஆதரித்து வாக்களித்ததே. அப்படியானால் இங்கும் அனுமதிதானே?

இல்லை. 27-க்கு 25 என்ற வாக்குக் கணக்கில், ஐ.நா. போதைப்பொருள் உடன்படிக்கையின் மிகக் கடுமையான நான்காம் பட்டியலிலிருந்து மட்டும் நீக்கினார்கள். கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட பொருள்களின் முதல் பட்டியலில் கஞ்சா இன்றும் இருக்கிறது. இந்தியச் சட்டத்தில் ஓர் எழுத்தும் மாறவில்லை.

ஒரு கிலோவுக்குள் இருந்தால் அபராதம் மட்டும்தானே? – பெயர், ஊர் இல்லை

யார் சொன்னார்கள்? 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தின் 20-ஆவது பிரிவைப் படியுங்கள். ஒரு கிலோவுக்குக் குறைவானது சிறு அளவு: ஓராண்டு வரை கடுங்காவல், அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அதற்கு மேல் 20 கிலோ வரை 10 ஆண்டு வரை. 20 கிலோவைத் தாண்டினால் வணிக அளவு: 10 முதல் 20 ஆண்டு, ஜாமீனுக்கு 37-ஆவது பிரிவு குறுக்கே நிற்கும். சட்டம் கஞ்சா என்று சொல்வது பூக்கும், காய்க்கும் நுனிகளை; அந்த நுனிகளோடு சேர்ந்திராத இலையும் விதையும் அதில் சேராது. பறிமுதலில் தண்டு, இலை, விதையைச் சேர்த்து எடை போட்டிருந்தால், 20 கிலோவை ஒட்டிய வழக்குகளில் அது பெரிய வாதம். எடைச் சீட்டையும் மாதிரி எடுத்த விவரத்தையும் முதலில் கேட்டு வாங்குங்கள். நுகர்ந்த வழக்கிலோ சிறு அளவு வழக்கிலோ சிக்கிய அடிமையானவர் தானே முன்வந்து அரசு அங்கீகரித்த இடத்தில் சிகிச்சை பெற்றால், 64-ஏ பிரிவு வழக்கிலிருந்து காக்கும்; சிகிச்சையைப் பாதியில் விட்டால் அந்தக் காப்பு பறிபோகலாம்.

காசியில் பாங் கடையே இருக்கிறதே?

அது இலையில் செய்வது. மாநிலச் சட்டம் முடிவு செய்யும். உத்தரப்பிரதேசத்தில் உரிமம் உண்டு என்பதால் தமிழ்நாட்டில் உண்டு என்று ஆகாது. மறுபடியும் சொல்கிறேன்: எந்த மாநிலம்?

உத்தராகண்டில் சணல் பயிரிட உரிமம் தருகிறார்களாமே?

சணல் வேறு, ஹெம்ப் வேறு. ஹெம்ப் என்பது போதை குறைந்த கஞ்சாச் செடி. பத்திரிகைகளில் வரும் இந்த மொழிபெயர்ப்புப் பிழையால் பலர் ஏமாறுகிறார்கள். 2018 முதல் அங்கே உரிமம் உண்டு, டி.எச்.சி. 0.3 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. நாட்டு விதைகள் பெரும்பாலும் தாண்டிவிடும்; தாண்டினால் பயிரை அழிக்க வேண்டியதுதான். விதைக்குச் சோதனைச் சான்று இல்லாமல் பணம் போடாதீர்கள்.

போலீசார் சாலைப் பாதுகாப்பைக் காரணம் காட்டுவது சாக்குதானே?

சாக்கு இல்லை. மதுவுக்கு ஊதிப் பார்க்கும் கருவி போல இதற்கு நம்பகமான கருவி இல்லை. கனடா ரத்தத்தில் டி.எச்.சி. மில்லிலிட்டருக்கு 2 நானோகிராம், 5 நானோகிராம் என்று இரண்டு வரம்பு வைத்திருக்கிறது. ஆனால் தினமும் புகைப்பவருக்கு மறுநாளும் அளவு நிற்கும். எப்போதாவது சாப்பிட்டவருக்குத் தலை சுற்றும்போதே அளவு குறைவாக இருக்கும். ரத்த அளவும் தடுமாற்றமும் ஒன்றோடொன்று பொருந்துவதில்லை.

தாய்லாந்தில் ரசீதோடு வாங்கியதைக் கொண்டு வரலாமா?

கூடாது. 2022 ஜூனில் தாய்லாந்து தளர்த்தியது. 2025 ஜூனில் மருத்துவர் சீட்டு வேண்டும் என்று மாற்றிவிட்டது. எந்த ரசீதும் சென்னை விமான நிலையத்தில் செல்லாது. 23-ஆவது பிரிவு, இறக்குமதிக் குற்றம். சிங்கப்பூர் வழியாக வருபவர்கள் பையை இரண்டு முறை பாருங்கள், பிறர் பையைத் தூக்காதீர்கள். அங்கே 500 கிராமுக்கு மேல் கடத்தினால் மரண தண்டனை. சிங்கப்பூர்க் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் வெளிநாட்டில் புகைத்திருந்தாலும் அங்கே குற்றமே.