வேலைக்கு விட்டு எடுத்த கார்ல புதுசா கரண்ட் கோளாறா? கேளுங்க, சொல்றேன்

பல்லடம் பக்கம் ஆட்டோ எலெக்ட்ரிக்கல் பட்டறை வச்சிருக்கேனுங்க. வேற வேலைக்கு விட்டு எடுத்த வண்டியில, முன்னாடி இல்லாத கோளாறு வருதேன்னு நிறையப் பேர் கேட்டிருந்தீங்க. ஒவ்வொண்ணா வர்றேன்.

கோபி: அண்ணா, கிளட்ச் மாத்தி மூணு நாளாச்சுங்க. செல்ஃப் அடிச்சா டிக் டிக்னு சத்தம் மட்டும் வருது, மீட்டர் லைட் மங்குது. புது பேட்டரி போடச் சொல்றாங்க. போடலாமுங்களா?

சித்த பொறுங்க தம்பி. கிளட்ச் மாத்தணும்னா கியர்பாக்ஸை இறக்கணும். அதுல இருந்து பாடிக்கு வர்ற எர்த் ஒயரைக் கழட்டியிருப்பாங்க. திரும்ப மாட்ட விட்டிருக்கலாம், போல்ட்டை அரைகுறையா முறுக்கியிருக்கலாம். செல்ஃப் மோட்டார் நூறு ஆம்பியருக்கு மேல இழுக்கும். அத்தனை கரண்டும் பேட்டரிக்குத் திரும்புற வழி அந்த எர்த்துதான்.

கியரை நியூட்ரல்ல போட்டு ஹேண்ட் பிரேக் இழுங்க. மல்டிமீட்டரை டிசி வோல்ட்ல வச்சு, ஒரு முனையை பேட்டரி நெகடிவ் கம்பத்துலயும், இன்னொண்ணை எஞ்சின்ல பெயிண்ட் இல்லாத இரும்புலயும் வச்சுக்கிட்டு, ஒருத்தரை செல்ஃப் அடிக்கச் சொல்லுங்க. 0.2 வோல்ட்டுக்குள்ள காட்டினா எர்த் நல்லாருக்கு. அரை வோல்ட்டைத் தாண்டினா கோளாறு அங்கதான்.

போன மாசம் டிங்கரிங் முடிஞ்ச வண்டி ஒண்ணு வந்துச்சு. எர்த் போல்ட்டைக் கழட்டினா, லக்குக்கு (ஒயர் முனையில இருக்கிற வளையத்துக்கு) அடியில வெள்ளைப் பெயிண்ட் வட்டமா, பளபளன்னு அப்படியே இருக்குது! பெயிண்ட் மேலயே வச்சு முறுக்கியிருக்காங்க. எமரி பேப்பர் போட்டு இரும்பு தெரியத் தேய்ச்சு மாட்டினேன், ஒரே அடியில ஸ்டார்ட் ஆச்சு. அவரு அதுக்குள்ள புது பேட்டரி வாங்கிட்டாரு. மனசு கேக்கலைங்க.

ஈரோடு: பேட்டரி கழட்டி மாட்டினதுல இருந்து டிரைவர் கண்ணாடி ஒரே அமுக்குல ஏற மாட்டேங்குது.

பழுது இல்லீங்க, கண்ணாடி எங்க நிக்கணும்கிற அளவை மோட்டார் மறந்திருச்சு. கண்ணாடி முழுசா ஏறின பொறவும் சுவிட்சை விடாம சில நொடி இழுத்துப் பிடிங்க. பெரும்பாலான வண்டிக்கு இது போதும்.

பொள்ளாச்சி: அண்ணா, கேமரா மாட்டினோம். ரெண்டு நாள் நிறுத்தினா பேட்டரி இறங்கிருது.

அம்மிணி, கேமராவுக்கு சாவி போட்டா மட்டும் வர்ற சப்ளையை எடுக்காம, எப்பவும் இருக்கிற சப்ளையில மாட்டியிருப்பாங்க. அரை ஆம்பியர் கசிஞ்சாலே ஒரு நாளைக்கு 12 ஆம்பியர் ஹவர் போயிரும். சின்னக் காருக்கு 35 ஆம்பியர் ஹவர் பேட்டரின்னா, ரெண்டு நாள்ல என்ன மிஞ்சும்? பேட்டரி நெகடிவ் ஒயரைக் கழட்டி, அந்த ஒயருக்கும் கம்பத்துக்கும் நடுவுல மல்டிமீட்டரை 10 ஆம்பியர்ல வைங்க. கதவைச் சாத்தி, சாவியைத் தூரமா வச்சுட்டு, அரை மணி நேரம் விடுங்க. 50 மில்லி ஆம்பியருக்குள்ள இறங்கணும். இறங்கலைன்னா ஃபியூஸை ஒண்ணொண்ணா உருவுங்க. எதை உருவினா இறங்குதோ, திருடன் அந்த லைன்ல இருக்கான். மீட்டர் மாட்டியிருக்கும்போது செல்ஃப் மட்டும் அடிச்சிராதீங்க.

கரூர்: ஸ்டீரிங் வேலைக்கு அப்புறம் ஹாரன் அடிக்கல, ஏர்பேக் லைட் எரியுது.

ஸ்டீரிங் வீலுக்கு அடியில கிளாக் ஸ்பிரிங்னு சுருள் நாடா இருக்கும். நடு மையம் பார்க்காம மாட்டினா அது அறுந்துரும். இதுல நீங்க கையே வைக்காதீங்க. ஏர்பேக் கப்ளர் (ஒயரை இணைக்கிற சாக்கெட்) மஞ்சளா இருக்கும். அதுல மீட்டரோ டெஸ்ட் லேம்போ வச்சா, ஏர்பேக் முகத்துக்கு நேரா வெடிக்கலாம். லைட் எரியுற வரைக்கும் விபத்துன்னா அது விரியும்னு நம்பவும் முடியாது. ஸ்கேனர் இருக்கிற இடத்துக்கு இன்னிக்கே போங்க.

தாராபுரம்: பம்பர் மாத்தினதுல இருந்து ஃபியூஸ் போயிட்டே இருந்துச்சு. 15 ஆம்பியருக்குப் பதிலா 30 போட்டுக் குடுத்தாங்க, இப்பப் போறதில்ல.

ஐயோ, உடனே எடுத்துருங்க! ஃபியூஸ் போகாதுங்க, இனி ஒயர்தான் எரியும். நீலம் 15, பச்சை 30. பம்பருக்குள்ள ஃபாக் லைட் ஒயர் எங்கேயாவது நசுங்கியிருக்கலாம், கழட்டிப் பாருங்க.

அவிநாசி: வேலை பார்த்த பட்டறையில போய் எப்படிங்க கேக்கறது? ஈசிஎம் (எஞ்சின் கம்ப்யூட்டர்) போயிருச்சுன்னு சொல்றாங்களே.

பில்லைக் கையில எடுத்துட்டுப் போங்க. "நீங்க கழட்டின கப்ளரையும் எர்த்தையும் என் முன்னாடி ஒருக்கா பார்த்துருங்க"ன்னு தன்மையாக் கேளுங்க. கப்ளரை மாட்டினதோட விடாம, உள்ள இருக்கிற உலோகப் பின் பின்னால தள்ளிப் போயிருக்கான்னும் பார்க்கச் சொல்லுங்க. ஈசிஎம் மாத்தணும்னா, முதல்ல அதுக்கு வர்ற சப்ளையையும் எர்த்தையும் அளந்து காட்டச் சொல்லுங்க. அளக்காம ஆர்டர் போட விடாதீங்க.