தொழுவத்தில் கிடந்த எஸ்டி, ஏலகிரியில் நின்ற ராஜ்தூத்: பழைய பைக் கேள்வி-பதில்

கே: ஒடுகத்தூர் பக்கம் மாட்டுக்கொட்டகையில் 12 வருஷம் கிடந்த எஸ்டி (Yezdi) ரோடுகிங் பைக் வாங்கினேன். கிக்கர் இறங்கவே இல்லை. மண்பாதை வண்டியாக மாற்ற ஆசை. எதில் தொடங்குவது? (குடியாத்தம்)

கிக்கர் மேல் ஏறி நிற்காமல் இருப்பதில் தொடங்குங்கள். எஸ்டியில் கிக்கரும் கியரும் ஒரே லிவர்தான். அதை வளைத்தால் இரண்டு வேலையும் கெடும். பிளக்கைக் கழற்றி, டீசலும் ஆயிலும் கலந்து நாலைந்து ஸ்பூன் ஊற்றி இரண்டு நாள் விடுங்கள். பிறகு டாப் கியரில் போட்டுப் பின்சக்கரத்தை முன்னும் பின்னும் மெல்ல ஆட்டுங்கள்.

அசைந்துவிட்டது என்று உடனே ஸ்டார்ட் செய்துவிட வேண்டாம். டூ-ஸ்ட்ரோக்கில் பெட்ரோலோடு வரும் ஆயில்தான் கிராங் (பிஸ்டன் சுழற்றும் தண்டு) பேரிங்கைக் காப்பாற்றுவது. இத்தனை வருஷ ஈரத்தில் அந்த பேரிங் துருப்பிடித்திருக்கலாம். ஹெட், சிலிண்டரைக் கழற்றி கனெக்டிங் ராடை மேலும் கீழும் இழுத்துப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் கிராங் லேத் பட்டறைக்குப் போக வேண்டியதுதான். மாட்டுக்கொட்டகை வண்டிகளில் வயரிங் பச்சை பூத்திருக்கும்; ஒட்டுப் போடாமல் மொத்தமாக மாற்றுங்கள்.

கே: ராஜ்தூத் 175. வீட்டில் ஒரே உதையில் ஸ்டார்ட் ஆகிறது. ஏலகிரி ஏறும்போது ஏழெட்டு வளைவில் நின்றுவிடுகிறது. அரை மணி நேரம் கழித்துத் தானாகச் சரியாகிறது. போர் போடச் (சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்கச்) சொல்கிறார்கள். (வாணியம்பாடி)

போருக்குப் பணம் எடுக்காதீர்கள். இதே நோயோடு வந்த ஒரு வண்டிக்கு நானே போர் போட்டு, ஓவர்சைஸ் பிஸ்டனும் போட்டு அனுப்பினேன். மறுவாரம் அதே வளைவில் நின்றது. குற்றவாளி கண்டன்சர், பிளக் பொறிக்கு உதவும் சின்ன மின்பாகம். அந்தக் கூலியைத் திருப்பிக் கொடுத்தேன், வெட்கம் மட்டும் போகவில்லை.

நிற்கிற இடத்திலேயே பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். ஆறிய பிறகு பார்த்துப் பயனில்லை. பிளக் காய்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை. டேங்க் மூடியைத் திறங்கள், ‘உஸ்’ என்று காற்று உள்ளே இழுத்தால் மூடியின் துளை அடைத்திருக்கிறது. ஒரு ஊசி போதும். பிளக் நனைந்திருந்து பொறி மஞ்சளாக, சோம்பலாக வந்தால் கண்டன்சர் அல்லது பொறிக்கு மின்சாரம் ஏற்றித் தரும் காயில் சூட்டில் படுக்கிறது. பாயிண்டில் (பொறிக்காகத் திறந்து மூடும் சுவிட்சில்) நீலப்பொறி பளிச்பளிச்சென்று தெறித்தால் முதலில் கண்டன்சரை மாற்றுங்கள், பாயிண்டையும் தேய்த்துச் சுத்தம் செய்யுங்கள்.

கே: எஸ்டி வெள்ளைப் புகை கக்குகிறது. கியர்பாக்ஸ் ஆயிலும் குறைகிறது, கீழே ஒழுக்கல் இல்லை. (அரக்கோணம்)

ஒழுகாமல் எங்கே போகும்? கிளட்ச் பக்க கிராங் ஆயில் சீல் (ஆயிலைத் தடுக்கும் ரப்பர் வளையம்) போய், இன்ஜின் அதைக் குடிக்கிறது. இன்னொரு பக்க சீல் போனால் புகை வராது, அதுதான் ஆபத்து. காற்று உள்ளே புகுந்து, ஆக்சிலேட்டரை விட்டாலும் இன்ஜின் வேகம் இறங்காது. சூடேறி பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். மைசூர் ஆலை 1996இல் மூடியதிலிருந்து எஸ்டிக்குப் போலி பார்ட்ஸ் நிறைய. சீல் மேலேயே உள்வட்டம், வெளிவட்டம், தடிமன் அச்சிட்டிருக்கும். அந்த அளவைச் சொன்னால் பேரிங் கடையில் நல்ல கம்பெனிச் சரக்கே கிடைக்கும்.

கே: பட்டன் டயர் (குமிழ் குமிழாக இருக்கும் மண்பாதை டயர்) போட்டு பாலாற்று மணலிலும் ஜவ்வாது மலையிலும் ஓட்டலாமா? (ஆம்பூர்)

சட்டத்தைப் பார்த்துவிட்டு ஓட்டுங்கள். நான் சொல்வது வண்டியின் சட்டம். ஹேண்டில் கழுத்து, ஸ்விங் ஆர்ம் (பின்சக்கரத்தைத் தாங்கும் கை) புஷ் பக்கம் பெயின்டில் முடிபோல ஒரு துருக்கோடு தெரிந்தால் அங்கே விரிசல். பவுடர் கோட்டிங்குக்கு முன் பார்க்க வேண்டும், பிறகு தெரியாது. மணல் ஓட்டத்துக்குப் பின் ஏர் ஃபில்டரையும் பிரேக் டிரம்மையும் அன்றே சுத்தம் செய்யுங்கள். சீட்டுக்குத் தோல் எங்கே கிடைக்கும் என்று ஆம்பூர்க்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

கே: 1972 வண்டி. ஆர்.சி. புத்தகத்தில் இன்னும் ‘வட ஆற்காடு’. விண்டேஜ் பதிவு வாங்கலாமா? (காட்பாடி)

50 வருஷம் தாண்டியதால் 2021 விதிப்படி கேட்கலாம். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், நம்பரில் ‘விஏ’ எழுத்து வரும். ஆனால் அந்த வண்டியைத் தினசரி ஓட்ட முடியாது, உருவத்தையும் பெரிதாக மாற்றியிருக்கக் கூடாது. அமிர்தி காடு வரை ஓட்டத்தான் ஆசை என்றால் சாதாரணப் புதுப்பித்தலே மேல். எதுவானாலும் துரு சுரண்டும்போது சேஸிஸ் நம்பர் மேல் கிரைண்டர் வைக்காதீர்கள்.