தலை தொங்காத மேசை விளக்கு

கேள்வி: தானே புயலில் விழுந்த பலா மரத்தின் சட்டங்கள் வீட்டில் கிடக்கின்றன. மகள் படிக்க, ஏற்றி இறக்கும் மேசை விளக்கு ஒன்று செய்தேன். விளக்கைத் தாங்கும் கொம்பின் தலை தொங்கிப்போகிறது. பிளாஸ்டிக் இல்லாமல், நீண்ட நாள் உழைக்கிற மாதிரி எப்படிச் செய்வது?
– வாசகர், தேவனாம்பட்டினம், கடலூர்

பதில்: 2011-இல் விழுந்த மரம் என்றால் நன்றாகக் காய்ந்திருக்கும். குறை மரத்தில் இல்லை, எடையில்.

ஸ்பிரிங் தேடி அலைய வேண்டாம். கிணற்றுத் துலாவில் பின்பக்கம் கல் கட்டியிருப்பார்களே, அதே வேலைதான். கொம்பு 60 செ.மீ. என்றால், விளக்கு முனையிலிருந்து 40 செ.மீ. தள்ளித் துளைபோட்டு, அடிப்பலகையில் நிற்கும் தண்டில் மாட்டுங்கள். ஹோல்டர், பல்பு, மூடி சேர்ந்து 250 கிராம் வந்தால், பின்முனையில் அரைக் கிலோ வேண்டும். முன்பக்கக் கொம்பின் எடையும் இழுக்கும் என்பதால் அதற்கு மேலும் கொஞ்சம். துணிப்பையில் மணலைக் கைப்பிடி கைப்பிடியாகப் போட்டுப் பாருங்கள். விட்ட இடத்தில் கொம்பு நின்றால் சரி. சில்வர் பீச் மணலை மட்டும் அள்ளி வந்துவிடாதீர்கள். உப்பு ஈரத்தை இழுக்கும், பை நசநசத்துப்போகும்.

இப்படிச் சமமாகிவிட்டால் பாரம் முழுவதும் தண்டின் மேலேயே இறங்கும். அடிப்பலகை 25 செ.மீ. சதுரம் இருந்தாலே சாயாது.

மூட்டுக்குப் பித்தளை போல்ட், கையாலேயே திருகுகிற விங் நட். இரண்டு மரத்துக்கும் நடுவே பழைய சைக்கிள் டியூபில் வெட்டிய வளையம். பிடிப்பு அதில்தான் இருக்கிறது. நான் முதலில் செய்த விளக்குக்கு இரும்பு போல்ட் போட்டேன். ஒரே ஐப்பசி மழை, அப்புறம் நட்டைத் திருக கட்டிங் பிளேயர் தேவைப்பட்டது.

எல்இடியை உடலோடு ஒட்டிய விளக்குகள் எனக்குப் பிடிக்காது. எல்இடி போனால் பெரும்பாலும் மொத்த விளக்கும் குப்பைக்குத்தான். தெருமுனைக் கடை பல்பு மாட்டுகிற சாதாரண ஹோல்டர் வையுங்கள். 7 வாட் எல்இடி போதும், வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் கெல்வின் எண் 4000 இருக்கட்டும்; தினம் 4 மணி நேரம் எரிந்தாலும் மாதம் ஒரு யூனிட் வராது. மூடிக்குக் கொட்டாங்குச்சி அழகு, ஆனால் உச்சியில் நாலைந்து துளை போடுங்கள். எல்இடி பல்பின் கழுத்தில்தான் சூடு தங்கும், ஆயுளைத் தின்பதும் அதுதான். கையால் செய்த காகிதம் புதுச்சேரியில் நன்றாகக் கிடைக்கும். கடலோரக் காற்றில் அது தளர்ந்துவிடும், உங்கள் வீட்டுக்கு வேண்டாம்.

மூட்டருகே ஒயரை ஒரு வளையம் தளர்வாக விடுங்கள், இல்லாவிட்டால் ஏற்றி இறக்கியே அறுந்துபோகும். பிளக்கில் செருகுமுன் எலக்ட்ரீஷியன் ஒருவரிடம் காட்டிவிடுங்கள். மகள் வலது கையால் எழுதுகிறவள் என்றால் விளக்கு மேசையின் இடப்பக்கம் இருக்கட்டும். கை நிழல் நோட்டில் விழாது.