சம்பளத்தை விட்டுக்கொடுத்தால் வேலை தங்குமா?

கேள்வி: அமெரிக்காவில் விமானத் தொழில் படுக்கும்போதெல்லாம், “சம்பளத்தைக் குறைக்கச் சம்மதியுங்கள், இல்லையென்றால் ஃபர்லோ (திரும்ப அழைக்கும்வரை சம்பளமில்லாமல் வீட்டுக்கு அனுப்புவது)” என்று விமானிகள் சங்கத்திடம் நிர்வாகம் கேட்கிறது. சம்மதிக்கலாமா?

பதில்: எதைக் குறைக்கிறார்கள் என்பதைப் பாருங்கள். அங்கே விமானிக்கு மணிக்கு இவ்வளவு என்று ஒரு வீதம். அதோடு, பறந்தாலும் பறக்காவிட்டாலும் மாதம் இத்தனை மணிக்குச் சம்பளம் உண்டு என்ற உத்தரவாதம்.

கணக்குக்காக மணிக்கு 200 டாலர், உத்தரவாதம் 75 மணி என்று வைத்துக்கொள்வோம். கையில் வருவது 15,000. வீதத்தில் 5 சதவீதம் வெட்டினாலும் உத்தரவாத மணியில் 5 சதவீதம் வெட்டினாலும் 14,250தான். ஆனால் பயணிகள் கூட்டம் திரும்பி, அவர் 85 மணி பறக்கும் மாதத்தில் பாருங்கள். மணியைக் குறைத்தவருக்கு முழுதாக 17,000. வீதத்தை விட்டவருக்கு 16,150. அமெரிக்க விமானிகளின் ஒப்பந்தம் ரயில்வே தொழிலாளர் சட்டத்தின் கீழ் வருகிறது (ஆம், ரயில்வேதான், 1936 முதல் விமானத்துக்கும் அதுவே). அதன்படி ஒப்பந்தம் காலாவதி ஆவதில்லை; புதியது கையெழுத்தாகும்வரை பழையதே ஓடும். பேச்சுவார்த்தையோ வருடக்கணக்கில் இழுக்கும். அதுவரை அந்தக் குறைந்த வீதம்தான். எனவே மணியைத் தொடட்டும், வீதத்தைத் தொட விடக்கூடாது.

கொரோனா காலத்தில், 2020 கோடையில் டெல்டா விமான நிறுவனத்தின் நிர்வாகம் உத்தரவாத மணியில் 15 சதவீதம் கேட்டது. சங்கம் மறுத்தது. 1,941 பேரை அனுப்பப்போவதாக அறிவிப்பும் வந்தது. கடைசியில் 5 சதவீதம் வரையிலான குறைப்போடு முடிந்து, 2022 ஜனவரி வரை ஃபர்லோ தள்ளிப்போனது. முதலில் கேட்கும் எண் முடிவான எண் அல்ல.

கேள்வி: கடைசியாகச் சேர்ந்த 100 பேரை அனுப்பினால் 100 பேர் சம்பளம் நிர்வாகத்துக்கு மிச்சம்தானே?

பதில்: இல்லை. வேலை போவது பணிமூப்பில் கடைசி ஆளுக்கு. ஆனால் ஆள் மிஞ்சியிருப்பது பெரிய விமானத்தில். வெளிநாட்டுத் தடம் நின்றால் பெரிய ஏர்பஸ் 350 விமானத்தின் கேப்டன் சிறிய போயிங் 737-க்கு இறங்குவார். அவர் அங்கிருக்கும் இளைய கேப்டனைத் துணை விமானி இருக்கைக்குத் தள்ளுவார். அங்கிருப்பவர்தான் வெளியே போவார். ஒருவரை அனுப்ப இரண்டு மூன்று பேருக்கு சிமுலேட்டர் பயிற்சி. விமானம் மாறினால் அது வாரக்கணக்கில் நீளும், அத்தனை நாளும் பறக்காமலே சம்பளம். திரும்ப அழைக்கும்போது இதே சங்கிலி தலைகீழாக ஓடும். வீட்டிலிருந்தவருக்கும் மறுபயிற்சி வேண்டும். 90 நாளில் மூன்று டேக்-ஆஃப், மூன்று லேண்டிங் இல்லாவிட்டால் பயணிகளோடு பறக்க முடியாது. இந்தச் செலவு நிர்வாகத்துக்கு நன்றாகவே தெரியும். சங்கத்தின் பிடி அதில்தான் இருக்கிறது.

கேள்வி: சீனியர் விமானிக்கு வேலை போகாதே, அவர் ஏன் விட்டுக்கொடுக்க வேண்டும்?

பதில்: எல்லோரும் விட்டுக்கொடுப்பதில்லை. 2020 செப்டம்பரில் யுனைடெட் ஏர்லைன்ஸ் விமானிகள் சுமார் 2,850 பேரின் வேலையை 2021 ஜூன் வரை காக்கும் ஒப்பந்தத்துக்கு வாக்களித்தபோது ஆதரவு 58 சதவீதம்தான். ஆனால் மேலே சொன்ன சங்கிலியில் முதலில் இறங்குவதே சீனியர்கள்தாம். அந்த இறக்கத்தின் சம்பள இழப்பு 5 சதவீதத்தோடு நிற்காது.

கேள்வி: ஒப்பந்தத்தில் எதை முதலில் படிக்க வேண்டும்?

பதில்: முடியும் தேதியை. “நிலைமை சீரானதும்” என்பது தேதி அல்ல. அந்த நாளில் பழைய நிலை தானாகத் திரும்ப வேண்டும், மறுபேச்சு கூடாது. அடுத்து, “ஃபர்லோ கிடையாது” என்று நேராக எழுதியிருக்கிறதா, “தவிர்க்க முயல்வோம்” என்றா? “எதிர்பாராத சூழல்” என்ற விதிவிலக்கில் ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கும் நெருக்கடியைச் சேர்த்துவிடுவார்கள். அதை வெளியே தள்ளுங்கள். பிராந்தியக் கூட்டாளி நிறுவனங்களுக்குப் பறத்தலை மாற்றக்கூடாது என்பதும் வேண்டும்.

திவால் வந்தால் இவ்வளவு காகிதமும் ஆட்டம் காணும். டெல்டா விமானிகள் 2004-ல் 32.5 சதவீதம் விட்டுக்கொடுத்தார்கள். 2005 செப்டம்பரில் நிறுவனம் திவால் நீதிமன்றம் போனது. 2006-ல் மேலும் 14 சதவீதம்.

கேள்வி: அரசு உதவி வரும்வரை காத்திருக்கலாமா?

பதில்: சூதாட்டம்தான். 2020 அக்டோபர் 1 அன்று, ஆட்களை அனுப்பக்கூடாது என்ற அரசு உதவியின் நிபந்தனை முடிந்ததும் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 19,000 பேரை அனுப்பியது. 10 சதவீதக் குறைப்பு கேட்டுக்கொண்டிருந்த சவுத்வெஸ்ட், டிசம்பரில் புது உதவி வந்ததும் கோரிக்கையை வாபஸ் வாங்கியது.