தனியாகவா, தானாகவா, நானேவா?

கேள்வி: மாரத்தஹள்ளியில் ஒரு பி.ஜி.யில் இருக்கிறேன். கூடத் தங்கியிருந்த பெண் ஊருக்குப் போய்விட்டாள். ஆபீஸில் ஒரு அக்காவிடம் 'ஐ ஆம் பை மைசெல்ஃப் இன் தி ரூம்' என்றேன். 'ஓ, யூ ஹேவ் தி ரூம் டு யுவர்செல்ஃப்!' என்று சந்தோஷப்பட்டார். இரண்டும் ஒன்றுதானா? ஃபார் மைசெல்ஃப் என்கிறார்களே, அது எப்போது?
- ஒரு வாசகி, பெங்களூரு

பதில்: ஒன்றில்லை. நீங்கள் சொன்னது 'அறையில் தனியாக இருக்கிறேன்', அவர் சொன்னது 'அறை முழுக்க உனக்கேவா!'. முன்னதில் பக்கத்தில் ஆள் இல்லை என்ற செய்தி மட்டும்தான், அது வருத்தமாகவும் இருக்கலாம். பின்னதில் பங்கு போட யாரும் இல்லை, இஷ்டம்போல் விளக்கைப் போடலாம் அணைக்கலாம் என்ற நிம்மதி இருக்கிறது. நம் 'உனக்கே'யில் வரும் அந்த 'ஏ' செய்கிற வேலையைத்தான் அங்கே 'டு யுவர்செல்ஃப்' செய்கிறது.

மைசெல்ஃப் என்பதற்கு ஒரே தமிழ்ச் சொல்லைத் தேடினால் கிடைக்காது, அதற்கு முன்னால் என்ன நிற்கிறது என்று பாருங்கள். 'பார்த்தேன்' என்ற ஒரே வினையை எடுத்துக்கொள்வோம். 'ஐ சா மைசெல்ஃப்' என்றால் கண்ணாடியிலோ போட்டோவிலோ என்னையே பார்த்தேன். 'ஐ மைசெல்ஃப் சா இட்' என்றால் வேறு யாரும் சொல்லவில்லை, நானே பார்த்தேன். 'ஐ சா இட் பை மைசெல்ஃப்' என்றால் துணை இல்லாமல் தனியாகப் பார்த்தேன். 'ஐ சா இட் ஃபார் மைசெல்ஃப்' என்றால் எனக்காகப் பார்த்தேன் என்று நினைத்துவிடாதீர்கள், அடுத்தவர் பேச்சை நம்பி இருக்காமல் நேரில் போய்ப் பார்த்துத் தெரிந்துகொண்டேன் என்று பொருள். ஆனால் 'ஐ குக் ஃபார் மைசெல்ஃப்' என்பதில் எனக்காக என்பது சரி. சமைக்கிறேன் இல்லை, சமைத்துக்கொள்கிறேன். இந்த 'கொள்' நமக்குப் பெரிய சொத்து, கன்னடத்திலும் உண்டு, உங்கள் பி.ஜி.யிலேயே யாராவது 'நானே மாட்கோத்தீனி' (நானே செய்துகொள்கிறேன்) என்று சொல்லிக் கேட்டிருப்பீர்கள்.

பை மைசெல்ஃப்தான் அதிகம் குழப்பும். 'ஐ கேம் பை மைசெல்ஃப்' என்றால் தனியாக வந்தேன், 'ஐ ஃபிக்ஸ்ட் இட் பை மைசெல்ஃப்' என்றால் யார் உதவியும் இல்லாமல் சரிசெய்தேன். இந்த இரண்டு இடத்திலும் ஆன் மை ஓன் என்றும் சொல்லலாம். 'தி டோர் ஓபன்ட் பை இட்செல்ஃப்' என்றால் கதவு தானாகத் திறந்தது. தனியாக, தானாக என்று நாம் பிரித்து வைத்திருப்பதை ஆங்கிலம் ஒரே பையில் போட்டுவிடுகிறது, அதனால் பேசுவதற்கு முன் தமிழில் எதைச் சொல்ல வருகிறோம் என்று ஒரு நொடி யோசித்தால் போதும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். என் முதல் வேலையில் மேலாளர் சம்பள உயர்வுக் கடிதத்தைக் கொடுத்து 'கீப் இட் டு யுவர்செல்ஃப்' என்றார். நீயே வைத்துக்கொள் என்று புரிந்துகொண்டு பக்கத்து சீட்டில் காட்டிவிட்டேன். அவர் சொன்னது யாரிடமும் சொல்லாதே என்று. நீயே வைத்துக்கொள் என்றால் 'ஃபார் யுவர்செல்ஃப்' என்றிருப்பார். ஒரு சின்னச் சொல்லால் நல்ல மனிதர் ஒருவரின் நம்பிக்கையை இழந்தது இன்னும் எனக்கு உறுத்துகிறது.

கேள்வி: 'மைசெல்ஃப் குமார்' என்று அறிமுகம் செய்வது தவறா?
- அல்சூர் வாசகர்

பதில்: இந்தியாவில் எல்லோருக்கும் புரியும், ஆனாலும் நேர்காணலில் வேண்டாம், 'ஐ ஆம் குமார்' போதும். மெயிலில் 'ப்ளீஸ் கான்டாக்ட் மைசெல்ஃப்' என்பதும் அதே தவறுதான், அங்கே 'மீ' போடுங்கள். பெரும்பாலும் வாக்கியத்தில் 'ஐ' இருந்தால்தான் மைசெல்ஃபுக்கு அங்கே வேலை. அப்புறம், 'நீங்கள்' என்ற நினைப்பில் ஒருவரைப் பார்த்து யுவர்செல்வ்ஸ் என்று எழுதுகிறார்கள். அது பலருக்கு. எதிரில் இருப்பவர் எத்தனை மரியாதைக்குரியவராக இருந்தாலும், ஒருவர் என்றால் யுவர்செல்ஃப்தான்.